நெல்லை வெயிலுக்கு ஒரு டாக்டிக்கல் பை: முழுசாக வாங்குவதா, தைத்துக்கொள்வதா?

ராணுவப் பை மாதிரி ஒன்று வேண்டும், ஆனால் கனமாக இருக்கக் கூடாது. இப்படிக் கேட்கிறவர்கள் நம் பக்கம் கூடிக்கொண்டே வருகிறார்கள். ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவை கணக்கெடுக்கப் போகிறவர்கள், திருக்குறுங்குடி மலைநம்பி கோயிலுக்கு நடக்கிறவர்கள், லீவு கிடைத்தால் பைக்கை எடுத்துக்கொண்டு மணிமுத்தாறு, பாபநாசம் என்று கிளம்புகிறவர்கள், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் தங்கப் போகிறவர்கள் என்று பல தரப்பு. எல்லோர் கண்ணும் வெளிப்பக்கம் வரிவரியாகப் பட்டை தைத்த அந்த டாக்டிக்கல் பை மேல்தான். அந்தப் பட்டைகளில் பாட்டில் உறை, மருந்துப் பை, பைனாகுலர் உறை என்று வேண்டியதை வேண்டிய இடத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடக்கிறவர்கள் எடை குறைந்த சாதாரண மலையேற்றப் பையை வாங்கி, தேவையான அளவுக்கு மட்டும் பட்டை தைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் பைக்கிலேயே போகிறவர்களுக்கு வேறு முடிவு. ஏன் என்பதற்குப் பையின் எடை எங்கே ஒளிந்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

எடை எங்கே இருக்கிறது

கடையில் எல்லோரும் துணியைத்தான் தடவிப் பார்க்கிறோம். “ஆயிரம் டெனியர் சார், கிழியவே கிழியாது” என்பார் கடைக்காரர். டெனியர் என்பது நூலின் பருமனைச் சொல்லும் கணக்கு: 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராமோ அத்தனை டெனியர். 1000 டெனியர் நைலான் துணி, உள்பூச்சையும் சேர்த்து, சதுர மீட்டருக்கு 350 முதல் 400 கிராம் வரை வரும். 500 டெனியர் துணி 250 கிராமை ஒட்டி இருக்கும். 25 லிட்டர் பைக்கு ஒன்று, ஒன்றேகால் சதுர மீட்டர் துணி பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், துணியை மாற்றுவதால் மிச்சமாவது 150 கிராம் அளவுதான்.

மீதிக் கனம் பட்டையிலும் பக்கிளிலும் ஜிப்பிலும் முதுகு ஸ்பாஞ்சிலும் இருக்கிறது. உள்ளே செருகிய பிளாஸ்டிக் தகடும், அறை அறையாகப் பிரிக்கும் தடுப்புத் துணிகளும் தம் பங்கைச் சேர்க்கும். ஓர் அங்குல நைலான் பட்டை, தடிமனைப் பொறுத்து, மீட்டருக்கு 20 முதல் 35 கிராம் இருக்கும். முன்பக்கம், இரண்டு விலா, தோள்வார் என்று வரிசை போட்டால் ஆறேழு மீட்டர் சாதாரணமாக ஓடிவிடும். பொருள் எதையும் மாட்டுவதற்கு முன்பே 200 கிராம் போச்சு. அந்த வரிசைகளில் எத்தனையை நாம் உண்மையில் பயன்படுத்துகிறோம்? பெரும்பாலான பைகளில் ஒரு பாட்டில் உறையும் ஒரு சின்னப் பையும்தான் தொங்குகின்றன.

இப்போது முதுகில் ஏறப்போவதைக் கூட்டிப் பார்ப்போம். பங்குனி, சித்திரையில் ஒரு முழுநாள் நடைக்கு மூன்று லிட்டர் தண்ணீராவது வேண்டும். அதுவே மூன்று கிலோ. நடுத்தர பைனாகுலர் ஒன்று 700 கிராம். புளியோதரை கட்டிய டப்பா அரைக் கிலோ. மழைக்கோட்டு, துண்டு, நோட்டு, பவர் பேங்க், மருந்து எல்லாம் சேர்த்து ஒரு கிலோ. ஐந்தே கால் கிலோவை ஒட்டி வந்துவிட்டது. பையே ஒன்றரைக் கிலோ என்றால் மொத்தம் ஏழு கிலோவை நெருங்கும். பை 700 கிராம் என்றால் ஆறு கிலோவோடு நிற்கும். இடையில் இருக்கும் எண்ணூறு கிராம், கிட்டத்தட்ட ஒரு பாட்டில் தண்ணீர். விஜயநாராயணம் பெரியகுளத்துக் கரையில் பகல் பதினொரு மணிக்கு நடந்தவர்களுக்கு அந்த ஒரு பாட்டிலின் மதிப்பு தெரியும்.

நான்கு வழிகள்

முதல் வழி, அசல் ராணுவத் தரத்தில் 1000 டெனியர் துணியில் வரும் பை. அமெரிக்க ராணுவம் 1990-களின் இறுதியில் கொண்டுவந்த ‘மோலி’ என்னும் சுமை முறைதான் இந்தப் பட்டை வரிசைகளுக்கு மூலம். அதற்கு ஒரு கறாரான அளவு உண்டு: பட்டை ஓர் அங்குல அகலம், இரண்டு பட்டைக்கு நடுவே ஓர் அங்குல இடைவெளி, ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு குறுக்குத் தையல். இந்த அளவைப் பின்பற்றும் எந்தக் கம்பெனி உறையும் எந்தக் கம்பெனிப் பையிலும் பொருந்தும். அது பெரிய வசதிதான். பாறையில் தேய்த்தாலும், லாரியில் தூக்கிப் போட்டாலும் தாங்கும். தினமும் காட்டுக்குள் வேலை பார்க்கிறவர்களுக்கும், 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் நம் ஊர்களில் இடுப்பளவு தண்ணீரில் சாமான் சுமந்த தன்னார்வலர்கள் போன்றவர்களுக்கும் இது தகும். பத்துப் பதினைந்து கிலோ சுமக்கிற வேலைக்குச் செய்த பை. ஆறு கிலோவுக்கு இது அதிகம்.

இரண்டாவது, 500 டெனியர் துணியில், தனிப்பட்டை தைக்காமல், இரண்டு அடுக்கை ஒட்டிய துணியில் லேசர் கொண்டு துளை வெட்டிய பை. பட்டைக்குப் பதிலாக அந்தத் துளை வரிசையிலேயே உறையைக் கோத்துக்கொள்ளலாம். கனம் குறைகிறது, எதிலும் மாட்டி இழுக்கவும் பட்டை நீட்டிக்கொண்டு நிற்காது. நல்ல கம்பெனியாக இருந்தால் அருமையான பொருள், விலையும் அதற்கேற்றபடி. மலிவு நகல்களில் அந்த ஒட்டு இரண்டு அடுக்காகப் பிரிந்து, துளையின் ஓரம் கிழிய ஆரம்பிக்கும். துளை ஓரத்தை நகத்தால் நெண்டிப் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் நம்மில் பெரும்பாலோர் வாங்குவது அதைத்தான். ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையில், பெயர் தெரியாத கம்பெனியின் 600 டெனியர் பாலியெஸ்டர் பை. இதை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. தேய்மானத்துக்கு நைலான் நன்றாகத் தாங்கும் என்றாலும், வெயிலைத் தாங்குவதில் பாலியெஸ்டர்தான் ஒரு படி மேல். தண்ணீரையும் குறைவாகவே குடிக்கும். நம் ஊர் வெயிலுக்கு அது ஒரு தகுதி. பிரச்சினை துணியில் வருவதில்லை. தோள்வார் பையோடு சேரும் மூட்டில் வருகிறது, ஜிப் ரன்னரில் வருகிறது, உள்பூச்சில் வருகிறது.

கடையிலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். பையைத் திறந்து, தோள்வார் தைத்த இடத்தை உள்பக்கமிருந்து பாருங்கள். ஒற்றை ஓட்டாக ஒரே ஒரு தையல் போயிருந்தால், ஐந்து லிட்டர் கேனை வைத்துத் தூக்கிய சில மாதங்களில் அங்கேதான் விடும். கட்டம் போட்டு நடுவில் பெருக்கல் குறி போலத் தைத்திருந்தாலோ, நெருக்கமாக முன்னும் பின்னும் ஓட்டிய தடிமனான தையல் இருந்தாலோ நம்பலாம். அடுத்து, கையில் ஓர் அளவுகோல் கொண்டுபோங்கள். இந்த நகல் பைகள் பலவற்றில் குறுக்குத் தையலின் இடைவெளி ஒன்றரை அங்குலமாக இருக்காது; பார்வைக்காகத் தைத்ததாக இருக்கும். அப்படிப்பட்ட பைக்குப் பின்னால் நல்ல உறை ஒன்று வாங்கினால் அது மாட்டாது. மாட்டவே முடியாத பட்டையை எதற்காகச் சுமக்க வேண்டும்? எனக்கு உண்மையாகவே கோபம் வருகிற இடம் இது. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பிள்ளைகள் வாங்குகிற பொருள்.

நான்காவது, என் வழி. டெகாத்லானின் குவெச்சுவா, வைல்ட்கிராஃப்ட் போன்ற கம்பெனிகளின் 20 முதல் 25 லிட்டர் சாதாரண மலையேற்றப் பை. பட்டை வரிசை இருக்காது. எடை 500 முதல் 800 கிராமுக்குள் இருப்பதாகத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டு விலாவிலும் இறுக்கிக் கட்டும் நாடா இருக்கிறதா என்று மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள். அந்த நாடாதான் அடுத்த வேலைக்கு ஆதாரம்.

தையல் கடையில்

பாளையங்கோட்டையிலோ ஜங்ஷன் பக்கமோ பை தைக்கிற கடைக்கும், பைக் சீட் கவர் தைக்கிற கடைக்கும் போனால் தடித்த துணி ஓட்டும் மிஷின் இருக்கும். சட்டை தைக்கிற மிஷினில் இது ஓடாது, ஊசி முறியும். பையின் முன்பக்கத்தில் நேரடியாகப் பட்டை வைத்துத் தைக்கச் சொல்லாதீர்கள். அதற்கு உள்துணியைப் பிரிக்க வேண்டும், அதோடு ஒவ்வொரு ஊசித் துளையும் மழைக்கு ஒரு வழி.

தனியாக ஒரு பலகை தைத்துக்கொள்வதே நல்லது. அகலம் இருபத்தைந்து சென்டிமீட்டர், உயரம் முப்பது சென்டிமீட்டர் அளவில் தடித்த துணி ஒன்றை எடுத்து, ஓரத்தை மடித்துத் தைத்து, அதன் மேல் நான்கு வரிசை பட்டை. நான்கு மூலையிலும் ஒவ்வொரு பக்கிள். விலா நாடாவில் ஏற்கெனவே இருக்கிற பக்கிளோடு அவை பொருந்தும்படி அதே அளவில் வாங்கிக்கொள்ள வேண்டும். வேண்டும்போது மாட்டலாம், வேண்டாதபோது கழற்றி வீட்டில் வைக்கலாம். பை பழசானால் பலகை அடுத்த பைக்குப் போகும்.

டெய்லரிடம் வாயால் சொன்னால் புரியவைப்பது கடினம்.

“அண்ணாச்சி, ஒன்றரை இஞ்சுக்கு ஒரு தையல் நிறுத்தித் தரணும்.”

“எதுக்கு நிறுத்தி நிறுத்தி? ஒரே ஓட்டா ஓட்டித் தாரேன், நல்லா ஸ்ட்ராங்கா இருக்கும்லா.”

அவர் சொல்வதில் தப்பில்லை. பட்டை என்றால் ஒட்டித் தைப்பதுதான் அவர் வழக்கம். ஆகவே வாங்கிய உறை ஒன்றைக் கையோடு கொண்டுபோய், அதன் பின்பக்க நாடா எப்படி உள்ளே நுழைந்து வெளியே வரும் என்று காட்டிவிடுங்கள். துணியில் சாக்பீஸால் நீங்களே கோடு போட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது. நூல், பாலியெஸ்டர் அல்லது நைலான் தடிநூல். பருத்தி நூல் வேர்வையிலும் வெயிலிலும் மக்கிப்போகும். ஒவ்வொரு குறுக்குத் தையலையும் மூன்று நான்கு தடவை முன்னும் பின்னும் ஓட்டச் சொல்லுங்கள். இது மொத்தமும் ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட வேலைதான். கூலியைப் பேரம் பேசிக் குறைக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். இந்தத் தையல்தான் உங்கள் மருந்துப் பையைத் தாங்கப்போகிறது.

மாட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. உறையின் நாடாவை முதலில் பலகைப் பட்டைக்குள் நுழைத்து, அடுத்து உறையின் பட்டைக்குள், மறுபடி பலகைக்குள் என்று பாய் பின்னுகிற மாதிரி மாறி மாறிக் கோக்க வேண்டும். பலகைப் பட்டைகளுக்குள் மட்டும் நேராகச் சொருகினால் உறை ஆடும்.

சரி, எதை வெளியே மாட்டலாம்? டாக்டிக்கல் பைகளின் பெரிய சங்கடமே இங்கேதான் இருக்கிறது. கனமான பொருள் முதுகை விட்டு எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவுக்குத் தோளைப் பின்னால் இழுக்கும். முன்பக்கப் பட்டையில் ஒரு லிட்டர் பாட்டில் தொங்கவிட்டால், உள்ளே முதுகை ஒட்டி அதே பாட்டிலை வைத்தது போல இல்லை. அதைவிடக் கஷ்டமாக இருக்கும். தண்ணீர் விலாவிலோ உள்ளே முதுகை ஒட்டியோ இருக்கட்டும். வெளிப்பலகைக்கு மருந்துப் பை, மழைக்கோட்டு, தொப்பி, துண்டு போன்ற லேசான, சட்டென்று எடுக்க வேண்டிய சாமான்கள் மட்டும். இந்த விதியை ஏற்றுக்கொண்டால் நான்கு வரிசைக்கு மேல் யாருக்கும் பட்டை தேவைப்படாது.

வெல்க்ரோ வைத்த பலகையும் வேண்டாம். டாக்டிக்கல் பைகளில் பெயர்ச் சின்னம் ஒட்டுவதற்காக ஒரு பெரிய வெல்க்ரோச் சதுரம் இருக்கும். நம் வரப்பிலும் குளக்கரையிலும் அது நாயுருவி விதையையும் ஒட்டுப்புல்லையும் அள்ளிக்கொண்டு வரும், பிடுங்கி மாளாது. பறவை பார்க்கிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அமைதியான காலையில் வெல்க்ரோவைப் பிரிக்கிற ஓசைக்குக் கரையோரம் நிற்கிற உள்ளான் கூட்டம் மொத்தமாக எழும்பிவிடும்.

சேர்ப்பது போலவே கழிப்பதும் தனிப்பயனாக்கம்தான். ஏழெட்டு கிலோவுக்குக் கீழே இடுப்புப் பெல்ட்டால் பெரிய பயன் இல்லை; கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றிவிடலாம். நெஞ்சுப் பட்டை அப்படியல்ல, அதை விட்டுவிடுங்கள். ஏற்றத்தில் தோள்வார் நழுவாமல் பிடிப்பது அதுதான். நீளமாகத் தொங்கும் நாடா நுனிகளை வெட்டி, மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி உருக்கி அடைத்தால் பிரியாது. வெட்டுவதற்கு முன், மழைக்கோட்டு போட்டபடி பையை மாட்டிப் பார்த்து, அதற்கு வேண்டிய நீளத்தை விட்டு வெட்டுங்கள். பைக்கில் போகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். காற்றில் அடிக்கும் நாடா செயினிலோ சக்கரக் கம்பியிலோ மாட்டினால் பெரிய ஆபத்து.

பைக்குக்கு வேறு கணக்கு

நெல்லையிலிருந்து பாபநாசம் ஐம்பது கிலோமீட்டர் அளவு. இவ்வளவு தூரமும் வண்டியில் போய், அங்கே சுற்றிவிட்டுத் திரும்புகிறவருக்கு எடை அவ்வளவு உறுத்தாது. உட்கார்ந்தபோது பையின் அடிப்பாகம் சீட்டில் பட்டு நிற்கும். சுமையில் பாதியை வண்டி வாங்கிக்கொள்ளும். ஆனால் அடித்துணி ஓயாமல் உராயும். காற்றும் மணலும் அடிக்கும். திசையன்விளை, உவரிப் பக்கம் போனால் தேரி மணல் ஜிப்புக்குள் புகும், உப்புக்காற்று ரன்னரை அரிக்கும். இவர்களுக்கு இரண்டாவது வழியான 500 டெனியர், லேசர் துளைப் பையே சரி. அதற்குக் காசு அதிகம் என்றால் மூன்றாவது வகையில் தையல் நன்றாக இருப்பதைத் தேடி எடுத்து, தோள்வார் மூட்டை மட்டும் சீட் கவர் கடையில் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். மணல் புகுந்து இறுகிய ஜிப்பைத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, மெழுகுவர்த்தியைப் பல்லில் தேய்த்தால் இளகும். மூடிய பின்னும் பல் பிரிந்தால் பெரும்பாலும் ரன்னர் வாய் அகன்றிருக்கும். குறடால் மெல்ல நெருக்கினால் சரியாகிவிடும்.

காட்டுச் சாவடியில்

களக்காடு முண்டந்துறை 1988-இலிருந்து புலிகள் காப்பகம். மலைநம்பிக்கோ, காரையாறு பக்கமோ, மாஞ்சோலைக்கோ போனால் வனத்துறைச் சாவடியில் பையைத் திறந்து காட்ட வேண்டியிருக்கும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை இருப்பதால் அதையும் பார்க்கிறார்கள். பத்து உறை மாட்டிய பை என்றால் பத்தையும் திறக்க வேண்டும், பின்னால் வரிசை நிற்கும்.

இதைவிட முக்கியமானது கத்தி. டாக்டிக்கல் பைப் படங்களில் தோள்வாரில் கத்தி சொருகியிருப்பதைப் பார்த்து அதே மாதிரி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு, எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது என்கிறது. பழம் வெட்டத்தான் என்று சாவடியில் நின்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். பழத்தை வீட்டிலேயே நறுக்கி எடுத்து வாருங்கள்.

நிறத்தையும் யோசிக்க வேண்டும். ராணுவப் புள்ளி வடிவம் வேண்டாம். நம் ராணுவம் 2022 ஜனவரி 15-இல் அறிமுகப்படுத்திய புதிய போர்ச்சீருடை வடிவத்துக்கு உரிமைப் பதிவே செய்து வைத்திருக்கிறது. அதன் நகலை முதுகில் சுமப்பது முறையும் இல்லை. கறுப்பும் வேண்டாம் என்பேன். வெயிலை இழுத்து உள்ளே இருக்கிற சாப்பாட்டைச் சூடாக்கும், பாறை இடுக்கில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கிற இடங்களில் தேனீக்கள் கருநிறத்தை நோக்கி அதிகம் பாயும். மண் நிறம், இளம் பச்சை, சாம்பல் போதும்.

வேர்வையும் மழையும்

முதுகுக்கும் பைக்கும் நடுவே வலை இழுத்துக் கட்டி இடைவெளி விட்ட பைகள் உண்டு. காற்று நன்றாக ஓடும், ஆனால் அதற்குக் கம்பிச் சட்டம் வேண்டும், சுமையும் முதுகை விட்டுத் தள்ளி நிற்கும். 25 லிட்டருக்கு அது தேவையில்லை. நடுவில் வாய்க்கால் விட்ட மெல்லிய ஸ்பாஞ்ச் போதும். எப்படியும் சட்டை நனையத்தான் செய்யும். வேர்வை காய்ந்து வெள்ளைக் கோடாகப் பூத்த உப்பை, வீட்டுக்கு வந்ததும் வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். வாஷிங் மெஷினில் போட்டாலும், ஈரத்தோடு பீரோவில் அடைத்து வைத்தாலும் உள்பூச்சு பிசுபிசுத்து உரியத் தொடங்கும். அந்தப் பூச்சுக்கு ஈரப்பதமும் சூடும் சேர்ந்தால் ஆகாது.

மாஞ்சோலை, நாலுமுக்கு மழைக்கு மேல்உறை மட்டும் போதாது. முதுகு வழியாக வழிகிற தண்ணீர் உறைக்கு உள்ளே இறங்கும். வாயைச் சுருட்டி மூடும் ட்ரை பேக் ஒன்றைப் பைக்குள் வைத்து, அதற்குள் துணியையும் கேமராவையும் வைப்பதே பாதுகாப்பு. அட்டை ஏறுகிற இடங்களில் பையைத் தரையில் வைக்காமல் கிளையில் தொங்கவிட, மேலே உள்ள கைப்பிடி உறுதியாக இருக்க வேண்டும்; அதன் தையலையும் பார்த்து வாங்குங்கள்.

எந்த வழியை எடுத்தாலும், வாங்குவதற்கு முன் பைக்குள் ஐந்து லிட்டர் தண்ணீர் பாட்டில்களை வைத்து மாட்டிப் பாருங்கள். வெறும் பையை மாட்டிக் கண்ணாடியில் பார்ப்பது எதையும் சொல்லாது. கைகளைத் தலைக்கு மேல் தூக்குங்கள், குனிந்து செருப்பு வாரைப் போடுங்கள், கடை மாடிப்படியில் ஏறி இறங்குங்கள். தோள்வார் கழுத்தை அறுத்தாலோ, பையின் அடி இடுப்பெலும்பில் இடித்தாலோ வேறு பை பாருங்கள்; எந்த டெய்லரும் அதைச் சரிசெய்ய முடியாது. இணையத்தில் வாங்கினால் இதே சோதனையை, விலை அட்டையை அறுக்காமல், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் வீட்டிலேயே செய்துவிடுங்கள்.